அக்காவின் நெஞ்சும் ராயல் ஜெல்லியும்

ராணித்தேனீ எத்தனை வருஷம் உயிரோடு இருந்தால் எனக்கென்ன? இதை ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். அவர் பாவம், நல்லெண்ணத்தில்தான் பேச்சை ஆரம்பித்தார். ராணித்தேனீயின் உணவான ராயல் ஜெல்லியைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து முட்டுவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன் என்றார். நான் கேட்ட வேகத்தில் அவர் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிவிட்டது. பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பாயசத்தை விட்டுவிட்டு எழுகிற ஆள் இல்லை நான்.

ஊரில் என்னை வாயாடி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளை மடித்து, அட்டை வைத்து, கவரில் போடுவது என் வேலை. கை தன் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இப்போது கொஞ்ச நாளாக அந்த வாய் திட்டிக்கொண்டிருக்கிறது. திட்டித் தீரவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு அண்ணன். அக்கா தறி ஓட்டுகிறாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவள் தறிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கூடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் கறுத்த தலையோடு உள்ளே போகிறவர்கள் சாயங்காலம் நரைத்த தலையோடு வெளியே வருவார்கள். எல்லாம் பஞ்சுத் தூசி. புருவத்தில், காதுக்குள், தாலிக்கயிற்றில் எங்கும் தூசி. ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கக் கூடாது. வெளிக்காற்று பட்டால் நூல் காய்ந்து அறும். நூல் அறுந்தால் தறி நிற்கும். அதனால் ஜன்னல்கள் எப்போதும் அடைத்தே கிடக்கும்.

அக்காவுக்கு நெஞ்சில் இழுப்பு வந்து வருஷங்கள் ஆயிற்று. பெட்டிக்குள் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் அவள் மூச்சில் கேட்கும். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். அதை இழுத்தால் பூனை அடங்கிவிடும். ஆனால் அக்கா அதை எல்லார் முன்னாலும் எடுக்க மாட்டாள். சாப்பாட்டுப் பையில் துணிக்கடியில் ஒளித்து வைத்திருப்பாள். நெஞ்சு அடைத்தால் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இழுத்துவிட்டு வருவாள். முதலாளி பார்த்தால் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுவான் என்று பயம். அப்படி அன்பாக அனுப்பப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. எங்கள் பக்கத்துத் தறிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து தறியை நிறுத்தியதும் முகம் கழுவிவிட்டு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாள் முழுக்க நெஞ்சில் படிந்த தூசியை அது இளக்கிவிடும் என்பது நம்பிக்கை. கருப்பட்டி போட்டதும் ஒருத்திக்கு இருமல் வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். சந்தோஷப்படுவார்கள். “தூசி கெளம்புது, நல்லா இருமு” என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். இருமல் வராதவள்தான் கவலைப்படுவாள், தூசி உள்ளேயே தங்கிவிட்டதோ என்று. நானும் கொஞ்ச நாள் அங்கே தார் சுற்ற, அதாவது ஊடுநூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கப் போயிருக்கிறேன். நன்றாக இருமுகிறவள் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. கருப்பட்டி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இனிப்பு, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் மதினிக்கு ராயல் ஜெல்லி பிடித்தது. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரே நாளில் திட்டி முடித்திருப்பேன். யாரோ கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசியிருக்கிறார். எங்கள் ஊர் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் சொல்வதை எப்படி நம்பினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவரை எல்லாரும் லீடர் சார் என்றார்கள். மதினி கூட்டத்துக்குப் போனபோது வெறும் கையோடு போனாள், திரும்பும்போது ஒரு பை நிறையக் குப்பிகளோடு வந்தாள். வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். அக்காவிடம் அவளுக்குப் பாசம் உண்டு.

“ஏட்டி, நீயும் வந்து இருந்து கேளு,” என்று என்னையும் கூப்பிட்டாள். “ராணித்தேனீ சாப்பிடுத சாப்பாடு இது. இதத் திங்கிறதுனாலதான் அது வருசக்கணக்கா இருக்கு. வேலைக்காரத் தேனீ இது கெடைக்காம வெரசாச் செத்துப்போயிருது. வித்தியாசம் இது ஒண்ணுதான்.”

“அப்ப ராணி என்ன வேலை பாக்கும்?” என்றேன்.

“முட்டை போடும்.”

“வேற?”

“வேற என்ன, முட்டை போட்டுக்கிட்டே இருக்கும்.”

“எங்க அக்கா இனிமே முட்டை போட்டு என்னத்துக்கு ஆவப் போவுது?”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததும் இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே மதினி குப்பியைத் திறந்து காட்டினாள். வெளுத்த மஞ்சளில், கெட்டியாக, சீம்பால் மாதிரி இருந்தது. நான் ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். புளிப்பு, தொண்டையில் ஒரு காரல்.

சர்க்கரைக்கு நல்லதாம். பிரஷருக்கு நல்லதாம். முட்டுவலி, கண்பார்வை, மறதி, தூக்கமின்மை, குழந்தையில்லாமை, மாதவிலக்கு நிற்கிற காலத்துப் படபடப்பு, முடி கொட்டுவது, முகத்தில் சுருக்கம் எல்லாவற்றுக்கும் நல்லதாம். இழுப்புக்குக் கேட்கவே வேண்டாமாம், வேரோடு பிடுங்கிவிடுமாம். இத்தனைக்கும் ஒரே குப்பி. வீட்டில் கிரைண்டர் ரிப்பேர் ஆனால் அதற்கும் இதையே ஒரு சொட்டு விடலாமா என்று கேட்டேன். மதினி முகம் சுண்டிப்போயிற்று.

“ஒனக்கு எல்லாமே கேலிதான்,” என்றாள். “இது மருந்தே இல்ல, தெரியுமா? இயற்கை. சத்து. பக்க விளைவே கெடையாது. லீடர் சார் மேடையில சத்தியம் பண்ணுதாவ.”

இந்த ‘இயற்கை’ என்கிற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரளி விதையும் இயற்கைதான். நாகப்பாம்பும் இயற்கைதான். அவற்றை யாரும் குப்பியில் அடைத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துக் கொடுப்பதில்லை.

நாங்கள் எதையும் நம்பாத ஆட்கள் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண் கொடுப்பார்கள். நெற்றியில் பூசுவோம், தேள்கடிக்கும் தோல் அரிப்புக்கும் தடவுவோம், தண்ணீரில் கரைத்து ஒரு வாய் குடிக்கிறவர்களும் உண்டு. நானும் பூசுகிறவள்தான். ஆனால் அந்தப் புற்றுமண் இதுவரை யாரிடமும் டாக்டர் கொடுத்ததை நிறுத்து என்று சொன்னதில்லை. மதினி சொன்னாள். ரெண்டும் சேர்ந்தால் ஜெல்லி வேலை செய்யாது, இன்ஹேலரை நிறுத்திவிட்டால்தான் பலன் தெரியும் என்று சொன்னாள். அவளுக்கு லீடர் சார் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் வேண்டாம் என்று கத்தினேன். அக்கா என்னைப் பார்க்காமல் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போது சாப்பிடுவது என்று பேச்சு வந்தபோது அக்காவே ஒரு யோசனை சொன்னாள். கருப்பட்டிக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். தூசி இளகுகிற நேரத்தில் போட்டால் நேராக நெஞ்சுக்குப் போகும் அல்லவா என்றாள். மதினிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. லீடர் சாருக்கும் பிடித்துப்போயிற்றாம். அப்படியாக, தறியை நிறுத்தி முகம் கழுவியதும் மற்றவர்கள் கருப்பட்டியை வாயில் போட, அக்கா ஒரு சின்னக் கரண்டி ஜெல்லியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் முகத்தில் ஒரு தெளிச்சி தெரிந்தது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். ஜெல்லியோடு ராத்திரி பால் குடிக்க வேண்டும், நேரத்தோடு படுக்க வேண்டும் என்று மதினி சொல்லியிருந்தாள். தினமும் பால் குடித்து நேரத்தோடு படுத்தால் யாருக்குத்தான் முகம் தெளியாது? பால்காரருக்குப் போக வேண்டிய பெயர் தேனீக்குப் போயிற்று.

பிறகு அக்கா உதடு நமநமவென்று அரிக்கிறது என்றாள். தொண்டைக்குள் அரிக்கிறது, விரலை விட்டுச் சொறிய முடியவில்லை என்றாள். அதன்பின் ஜெல்லி போட்டதும் இருமல் வர ஆரம்பித்தது. சாதாரண இருமல் இல்லை, ஆளைக் குனிய வைக்கிற இருமல். வேறு எந்த ஊரிலாவது இப்படி நடந்திருந்தால் குப்பியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இங்கே தறிக்கூடமே கொண்டாடியது. இத்தனை வருஷம் கருப்பட்டி செய்யாததை ராணித்தேனீ செய்துவிட்டது, அடியில் கிடந்த பழைய தூசியெல்லாம் கிளம்புகிறது என்றார்கள். முதுகில் தட்டினார்கள். ஒருத்தி மதினியிடம் தனக்கும் ஒரு குப்பிக்குச் சொல்லி வைத்தாள்.

மதினி லீடர் சாருக்கு போன் போட்டாள். உடம்பு சுத்தமாகிறது, கழிவு வெளியேறுகிறது, இதுதான் சரியான அறிகுறி, அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள் என்றார் அந்தப் புண்ணியவான். அக்காவை நேரில் பார்க்காமல், நாடி பிடிக்காமல், நெஞ்சில் ஒரு குழாய் வைக்காமல், எங்கேயோ ஓர் ஊரில் காரில் போய்க்கொண்டே சொன்னார். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது என்று மதினியே பிறகு சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் சேலைகளை மடித்து முடிக்கிற நேரத்தில் தறிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அக்காவுக்குப் பக்கத்துத் தறி ஓட்டுகிறவள். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“ஒங்க அக்காவுக்கு இன்னைக்கு நல்லாக் கெளம்புதுட்டி. வந்து பாரேன்!”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அது இருமல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் இழுக்கிற சத்தம். மடித்ததையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்துத் தெருதான்.

உள்ளே போனால் அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றி நாலைந்து பெண்கள். ஒருத்தி முதுகைத் தட்டுகிறாள், ஒருத்தி நெஞ்சைத் தடவுகிறாள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. பிரசவ வலி வந்தவளுக்குத் தைரியம் சொல்வது போல, விட்டுராத, வெளிய வரட்டும், நல்லா இருமு என்கிறார்கள். அக்காவின் உதடு வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் இடுங்கிப்போய்த் திறக்க முடியவில்லை. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. அவள் கையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, வா என்கிறாளா தெரியவில்லை. ஒருத்தி கரண்டியில் இன்னும் கொஞ்சம் ஜெல்லியை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள்.

அந்தக் கரண்டியைத் தட்டிவிட்டதும், நான் போட்ட கூச்சலும் மட்டும் நினைவிருக்கிறது. என்னென்ன வார்த்தை சொன்னேன் என்று அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். அவற்றை எழுத முடியாது. அக்காவின் பையைக் கவிழ்த்து இன்ஹேலரைத் தேடினேன். இல்லை. ஜெல்லி ஆரம்பித்ததிலிருந்து அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது அவள் மூச்சில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்றார்கள் அந்தப் பெண்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பஸ் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கி டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன், அதே வாயால் திட்டவும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் முகமூடி மாட்டி மருந்துப் புகையை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பூனைச் சத்தம் திரும்ப வந்தது. வாழ்க்கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

டாக்டர் இளவயதுப் பெண். “புதுசா எதுவும் சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார். கூட வந்த தறிக்கூடத்துப் பெண்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். புது மருந்து ஏதாவது? அதுவும் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் ஜெல்லி சாப்பாட்டிலும் சேராது, மருந்திலும் சேராது. நான் சொன்னதும் டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

“இழுப்பு இருக்கிறவங்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாதும்மா. தேனீ சம்பந்தப்பட்ட பொருள் எதுவா இருந்தாலும், அலர்ஜி உள்ளவங்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா…” என்றவர் அதை முடிக்கவில்லை. பிறகு அக்காவின் நோயைப் பற்றி நேராகவே சொன்னார். இது அடியோடு போகாது, கட்டுக்குள் வைக்கலாம், இன்ஹேலரை ஒரு நாளும் விடக்கூடாது, தூசியை விட்டு விலகி இருந்தால் நல்லது என்றார். அக்கா முகமூடிக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி என்னதான் அந்தக் குப்பியில் இருக்கிறது என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். மீதியில் கொஞ்சம் புரதம், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, சில பி வைட்டமின்கள். இளவயது வேலைக்காரத் தேனீக்கள் தங்கள் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகிற கூழ் அது. பிறந்ததும் எல்லாக் குஞ்சுக்கும் அதைத்தான் ஊட்டும், பிறகு ராணியாகப் போகிறதுக்கு மட்டும் தொடர்ந்து ஊட்டும். வேலைக்காரத் தேனீயும் அதைத் தின்று வளர்ந்ததுதான் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதுத் தொந்தரவுகளுக்கும், கொழுப்புக்கும், சர்க்கரைக்கும் உதவுமா என்று சிலர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களாம். பார்க்கட்டும். ஒருநாள் உதவும் என்றே தெரியவரட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் இன்றைக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். ஒரு சின்னக் கரண்டிக் கூழில் எவ்வளவு சத்து வந்துவிடும்? ஓர் அவித்த முட்டையும் ஒரு கை நிலக்கடலையும் அதைவிட அதிகம் கொடுக்கும். முட்டைக்கு யாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவதில்லை.

மதினி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள், பின்னால் அண்ணன். நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டேன்.

“வந்துட்டியா மதினி? எங்க அக்காவச் சுத்தம் பண்ணிட்டியா?”

“நான் என்ன வெசமா குடுத்தேன்?” என்று அவள் அழுதாள். “எம் பிள்ளைக்கும் அதத்தான குடுக்கேன். நானும் அதத்தான திங்கேன். அக்கா நல்லா இருக்கணும்னுதான…”

“நல்லா இருக்கணும்னா இன்ஹேலர நிறுத்தச் சொல்லுவியா?”

“அது லீடர் சார் சொன்னது.”

“ஒங்க லீடருக்குப் போனப் போடு.”

அவள் தயங்கினாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவன் பார்ப்பதற்கென்றே சுவர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. நானே போனைப் பிடுங்கி அழைத்தேன். எடுத்ததும் அந்தக் குரல் பால்பாயசம் மாதிரி வழிந்தது.

“வணக்கம் சிஸ்டர், சொல்லுங்க.”

சொன்னேன். உதடு வீங்கியதைச் சொன்னேன், ஊசி போட்டதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

“பயப்படாதீங்க. சிலருக்கு உடம்பு சுத்தமாகும்போது இப்படி ஆகும். லட்சக்கணக்கான பேர் சாப்பிடுறாங்க. எடுத்ததுமே அளவு ஜாஸ்தியா எடுத்திருப்பாங்க.”

“ஏலே, அளவக் கூட்டச் சொன்னதே நீதானலே!”

“மரியாதையாப் பேசுங்க சிஸ்டர்.”

“மரியாதையா? இங்கன வாலே, எங்க அக்கா ஒதட்ட வந்து பாரு. மேடையில சத்தியம் பண்ணுனேல்லா, இந்தக் கட்டில்கிட்ட நின்னு பண்ணு பாப்போம்.”

அவர் போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. அன்றிலிருந்து மதினி போட்டாலும் எடுப்பதில்லை. ஒரு நர்ஸ் வந்து என்னை வெளியே போய்க் கத்தச் சொன்னார். வெளியே போய்க் கத்தினேன்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு தறிக்கூட முதலாளியைப் பார்க்கப் போனேன். ஜன்னலைத் திறக்க முடியாவிட்டால் தூசியை இழுக்க ஒரு பெரிய காற்றாடியாவது மாட்டுங்கள், ஆளுக்கொரு முகக்கவசமாவது கொடுங்கள் என்று கேட்டேன். நல்லபடியாகத்தான் கேட்டேன், அக்கா வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாதே என்று. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். காற்றாடி போட்டால் நூல் அறும் என்றார். முகக்கவசம் கொடுத்தால் பெண்கள் போட மாட்டார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஜெல்லி சர்க்கரைக்கு நல்லாக் கேக்குதாமே, நெசமா?” என்று கேட்டார். நான் திரும்பி நடந்தேன். வாயைத் திறந்தால் அக்காவின் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

அக்கா வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனபோது, மண்பானைக்கு அடியில் குவித்திருந்த ஈர மணலில் ஏதோ தட்டுப்பட்டது. தோண்டினால் குப்பி. பாதி ஜெல்லி அப்படியே இருக்கிறது. குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று மதினி சொல்லியிருந்தாள். அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“ஒனக்கு அறிவு இருக்காக்கா? செத்துப் பொழச்சு வந்துருக்க. இதப் பத்திரப்படுத்தி வச்சிருக்க. யாருக்கு? மதினிக்கு மனசு நோவும்னா? இல்ல, இன்னொரு மட்டம் தின்னு பாக்கவா?”

நான் விடவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். லீடரைத் திட்டினேன், மதினியைத் திட்டினேன், தறிக்கூடத்துப் பெண்களைத் திட்டினேன், பொய் சொல்லி நம்ப வைத்த அத்தனை பேரையும் திட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“ஏசி முடிச்சிட்டியா?” என்றாள்.

“இல்ல.”

“நான் சொல்லுததக் கேளு. டாக்டரம்மா போவாதுன்னு சொல்லிட்டாவ. சாவுத வரைக்கும் இன்ஹேலர இழுன்னு சொல்லிட்டாவ. தூசியில நிக்காதங்காவ. நான் நிக்காம யாரு நிப்பா? நீ வந்தா ஏசுத. ஒங்கண்ணன் வந்தா பேசவே மாட்டான். எனக்குச் சரியாயிரும்னு சொன்னது அந்தக் குப்பி ஒண்ணுதான்ட்டி. பொய்யின்னு எனக்கும் தெரியாமலா இருக்கு? ஆனா வேற யாரும் சொல்லலயே.”

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“நீ சொல்லு,” என்றாள். “சரியாயிரும்னு நீ ஒருக்கச் சொல்லு. நானே கொண்டுபோய்க் கொட்டிருதேன்.”

அவள் நெஞ்சுக்குள் அந்தப் பூனைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் அதே கூடம், அதே அடைத்த ஜன்னல், அதே தூசி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குப்பியைச் சுவரில் அடித்து நொறுக்கியிருப்பேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“சரியாயிரும்க்கா,” என்றேன். “கண்டிப்பாச் சரியாயிரும்.”

அவள் தலையாட்டிவிட்டுக் குப்பியை வாங்கிக்கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.